“கேப்டன், உங்களோடு வரலாமா?”: அமெரிக்க விமானிகளின் ஜம்ப்சீட் பழக்கம்

கேள்வி இது: “என் தம்பி அமெரிக்காவில் ஒரு ரீஜனல் ஏர்லைனில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை விமானியாக, சேர்ந்திருக்கிறார். வீடு ஒரு ஊரில், வேலை தொடங்குவது இன்னொரு ஊரில். வேறு கம்பெனி விமானத்தில் காக்பிட்டிலேயே உட்கார்ந்து காசில்லாமல் போய்விடலாம் என்கிறார். நிஜமா? அதற்கு ஏதாவது முறை இருக்கிறதா?”

நிஜம்தான். அமெரிக்காவில் ஏராளமான விமானிகள் வேலைக்குப் போய்வருவதே இப்படித்தான். ‘காசில்லாமல் போய்விடலாம்’ என்று நீங்கள் எழுதியிருக்கும் தொனியோடு மட்டும் தம்பி கேட் முன்னால் போய் நிற்க வேண்டாம். அதைத்தான் விவரமாகச் சொல்லப் போகிறேன்.

இங்கே ஒவ்வொரு விமானிக்கும் ‘பேஸ்’ என்று ஒரு ஊர் ஒதுக்குவார்கள். ட்யூட்டி அங்கேதான் தொடங்கும், அங்கேதான் முடியும். சிகாகோ பேஸ் கிடைத்தவர் குடும்பத்தோடு ஃப்ளோரிடாவில் இருக்கலாம், கம்பெனி கேட்காது. சொன்ன நேரத்துக்கு வந்து நின்றால் சரி. சீனியாரிட்டி குறைவாக இருந்தால் கேட்ட பேஸ் கிடைக்காது. கிடைத்ததும் எப்போது மாறும் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் வீட்டைக் காலி செய்து, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாற்றிக்கொண்டு யார் அலைவது? அதனால் ‘கம்யூட்’ செய்கிறார்கள். அந்தக் கம்யூட்டுக்குக் கைகொடுப்பதுதான் ஜம்ப்சீட்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கம்பெனியே வேலை நிமித்தமாக ஒரு விமானியை இன்னொரு ஊருக்குச் சம்பளத்தோடு அனுப்பினால் அது டெட்ஹெட். அவருக்குச் சீட் உறுதி. ஊழியர்களும் குடும்பத்தினரும் காலி இடம் இருந்தால் ஏறிக்கொள்வது நான்-ரெவ் பயணம். ஜம்ப்சீட் இந்த இரண்டிலும் சேராது. காக்பிட்டில் இரண்டு விமானிகளுக்கும் பின்னால் மடக்கி விரிக்கும்படி ஒரு கூடுதல் இருக்கை இருக்கும். எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) இன்ஸ்பெக்டர், பயிற்சிச் சோதகர் போன்றவர்கள் உட்காருவதற்காக வைத்தது. அது காலியாக இருந்தால், ஒப்பந்தம் உள்ள வேறு கம்பெனி விமானியும் அதில் போகலாம். பயணிகள் பகுதியில் இடம் இருந்தால் பெரும்பாலும் அங்கேயே உட்கார வைப்பார்கள். அப்போதும் அவர் பெயர் ஜம்ப்சீட்டர்தான், அவருக்கான கட்டுப்பாடுகளும் கூடவே வரும்.

இந்த விஷயம் முழுவதும் தொங்குவது ஒரே ஆணியில்: கேப்டனின் அனுமதி. காக்பிட்டுக்குள் யார் வரலாம் என்பதை அமெரிக்க விமானச் சட்டத்தின் 121.547-ஆம் பிரிவு வரையறுக்கிறது. வேறு கம்பெனி விமானிக்கு அதில் இடம் உண்டு, ஆனால் கேப்டனும் கம்பெனியும் அனுமதித்தால்தான். பாதுகாப்பு கருதி யாரையும் வெளியே நிறுத்தும் அதிகாரம் கேப்டனுக்கு உண்டு என்று அதே பிரிவு தனியாகவும் சொல்லிவிடுகிறது. காரணம் எளிது. அந்த விமானத்துக்கும் அதிலுள்ள எல்லோருக்கும் கையெழுத்துப் போட்டிருப்பவர் அவர். ஒரு அந்நியரைத் தன் முதுகுக்குப் பின்னால், பூட்டிய கதவுக்கு உள்ளே உட்கார வைக்கிறார். மரியாதை விதிகள் என்று சொல்லப்படுகிற எல்லாம் இதிலிருந்து பிறந்தவைதான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதைத் தம்பி தானாகவே ஊகித்துவிடுவார்.

சரி, நடைமுறைக்கு வருவோம்.

கேட்டுக்குச் சீக்கிரம் போக வேண்டும். போர்டிங் முடிந்து கதவு சாத்தும் நேரத்தில் ஓடிவந்து மூச்சு வாங்குகிற ஜம்ப்சீட்டரை யாருக்கும் பிடிக்காது. அவரால் விமானம் ஒரு நிமிஷம் தாமதமானாலும் அது கேட் ஏஜென்ட் தலையில் விடியும். ஏஜென்ட் ஒரு பயணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை தள்ளி நிற்க வேண்டும். அப்புறம் கம்பெனி ஐ.டி., பைலட் லைசென்ஸ், மெடிக்கல் சர்டிபிகேட் மூன்றையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, ஜம்ப்சீட் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். ‘நான் இன்று உங்கள் ஜம்ப்சீட்டர்’ என்று அறிவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கும் அறிவிப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஏஜென்ட்டுக்கு நன்றாகவே தெரியும்.

ஏஜென்ட் கம்பெனியையும் ஊழியர் எண்ணையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பார். காக்பிட் அக்சஸ் செக்யூரிட்டி சிஸ்டம் என்று ஒன்று இருக்கிறது, சுருக்கமாகக் ‘காஸ்’. இந்த ஆள் உண்மையிலேயே அந்தக் கம்பெனியில் இன்று வேலையில் இருக்கிறாரா என்று சரிபார்த்து, புகைப்படத்தோடு பதில் தரும். காஸ் ஒத்துக்கொள்ளாவிட்டால் காக்பிட் கிடையாது. பயணிகள் பகுதியில் இடமிருந்தால் உண்டு, இல்லையென்றால் அடுத்த விமானம்தான். வரிசையிலும் ஒரு முறை உண்டு. அந்தக் கம்பெனியின் சொந்த விமானிகளுக்குத்தான் முதலிடம், மற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால். எஃப்.ஏ.ஏ. இன்ஸ்பெக்டர் சோதனைக்காக வந்து நின்றால் எல்லோரும் விலகி வழிவிட வேண்டியதுதான். இடம் போய்விட்டதே என்று முகத்தைத் தொங்கப்போடாமல் நன்றி சொல்லிவிட்டு நகர வேண்டும். நாளைக்கும் அதே ஏஜென்ட்தான் அங்கே இருப்பார்.

விமானத்துக்குள் காலை வைத்ததும் முதலில் பார்ப்பது ஃப்ளைட் அட்டெண்டன்ட்டை. பெயர், கம்பெனி, எதற்கு வந்திருக்கிறோம் என்பதைச் சொல்லி, கேப்டனைப் பார்க்கலாமா என்று கேட்க வேண்டும். இதைத் தாண்டிக் காக்பிட்டுக்குள் நேரே தலையை நீட்டுவது பெரிய தப்பு. கேப்டன் இல்லாமல் ஃபர்ஸ்ட் ஆபீசர் மட்டும் இருந்தால் அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது. அனுமதி அவர் கையில் இல்லை. இரண்டு பேரும் செக்லிஸ்ட் படித்துக்கொண்டிருந்தாலோ, கிளியரன்ஸ் வாங்கிக்கொண்டிருந்தாலோ வாயைத் திறக்காமல் வாசலில் நிற்க வேண்டும். அவர்களாகத் திரும்பிப் பார்க்கும்போது, “கேப்டன், உங்களோடு வரலாமா?” என்று கேட்டு, அடையாள அட்டைகளை நீட்ட வேண்டும். பல கேப்டன்கள் பார்க்காமலேயே “வாங்க, வாங்க” என்பார்கள். அப்படிச் சொன்னாலும் நீட்ட வேண்டும். பயணிகள் பகுதியில் சீட் நம்பர் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக நேராகப் போய் உட்கார்ந்துகொள்வதும் தப்பு. கேப்டனைப் பார்க்காமல் போன ஜம்ப்சீட்டரை எழுப்பி இறக்கிவிட்ட கதைகளைப் புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சீனியர்கள் சொல்லாமல் விடுவதில்லை.

பயணிகள் பகுதியில் உட்கார்ந்தால் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பெட்டியை வைக்கும் இடத்துக்குக் காசு கொடுத்த பயணிகளோடு போட்டி போடக் கூடாது. ஒரு குடும்பம் சேர்ந்து உட்கார நினைத்தால் நடு சீட்டுக்கு மாறிக்கொடுக்க வேண்டும். யூனிஃபார்மில் இருந்தால் மதுவைத் தொடவே கூடாது, இல்லாவிட்டாலும் பல கம்பெனிகள் ஜம்ப்சீட்டருக்கு மது தருவதில்லை. முதல் வகுப்பில் இடம் காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள். கொடுக்க நினைத்தால் அவர்களே கொடுப்பார்கள். சாக்லெட் பாக்கெட் ஒன்று வாங்கிப் போய் ஃப்ளைட் அட்டெண்டன்ட்களிடம் கொடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கட்டாயம் ஒன்றும் இல்லை, நல்ல பழக்கம். என்னைக் கேட்டால், சாக்லெட் கொடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் வழியை மறித்துக்கொண்டு பேசுவதைவிட, வெறுங்கையோடு போய்ச் சட்டென்று உட்காருவது மேல்.

காக்பிட்டில்தான் சமாச்சாரம் அதிகம். போயிங் 737-இன் ஜம்ப்சீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கதவுக்கு முன்னால் விரித்து, இரண்டு விமானிகளின் தோளுக்கும் நடுவில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். சி.ஆர்.ஜே. போன்ற சின்ன ஜெட்டில் இன்னும் நெருக்கம். பெட்டியை எங்கே வைப்பது என்று கேப்டனைக் கேட்டு வைக்க வேண்டும். ஆக்சிஜன் மாஸ்க் எங்கே, அவசர வழி எது என்று அவர் சொல்வார். ‘இந்த விமானத்தில் எனக்கு இரண்டாயிரம் மணி நேரம்’ என்று நடுவில் வெட்டாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். அதைச் சொல்வது அவர் கடமை. பெல்ட் மாட்டி, ஹெட்செட் போட்டுக்கொண்டு, போனை அணைத்து உள்ளே வைத்துவிட வேண்டும். ஜன்னலில் சூரிய உதயம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

அப்புறம், பேச்சு. 10,000 அடிக்குக் கீழே விமானத்தை இயக்குவதற்குத் தேவையில்லாத பேச்சு காக்பிட்டில் கூடாது என்று 1981 முதல் சட்டமே இருக்கிறது. ‘ஸ்டெரைல் காக்பிட்’ என்பார்கள். தரையில் ஊர்ந்து போகும் டாக்ஸி, டேக்-ஆஃப், லேண்டிங் எல்லாம் இதில் அடங்கும். 1974-இல் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 212-ஆம் விமானம் ஷார்லட் நகருக்கு இறங்கும்போது விழுந்தது; கடைசி நிமிஷங்கள்வரை விமானிகள் அரசியல், பழைய கார் என்று பேசிக்கொண்டிருந்தது பதிவாகியிருந்தது. இந்தச் சட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சட்டம் வந்த பிறகும் 1988-இல் டல்லஸில் டெல்டா 1141 விமானம், மேலெழும்ப உதவும் இறக்கை மடிப்புகளான ஃப்ளாப்புகளைச் சரியாக வைக்காமலேயே ஓடுதளத்தில் ஓடி விழுந்தது, 14 பேர் இறந்தார்கள். அதற்கு முன் டாக்ஸி செய்யும்போது காக்பிட்டுக்கு வந்த ஒரு ஃப்ளைட் அட்டெண்டன்ட்டோடு விமானிகள் நீண்ட நேரம் அரட்டை அடித்திருந்தார்கள். மூன்றாவது ஆள் ஒருவர் காக்பிட்டில் இருந்தாலே பேச்சு கிளம்பும், அதுதான் மனித இயல்பு. ஆகவே முதலில் வாயை மூட வேண்டியவர் அந்த மூன்றாவது ஆள். கேப்டனே ஆரம்பித்தாலும் 10,000 அடிக்குக் கீழே ஒரு சிரிப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மேலே ஏறிய பிறகு பேசலாம். பெரும்பாலான கேப்டன்களுக்குப் பேச ஆள் கிடைத்ததில் சந்தோஷம்தான். அவர்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா, பேஸ் எப்படி, பயிற்சி எப்படி என்று கேட்பதில் தவறில்லை. பலருக்கு அடுத்த வேலை கிடைத்ததே இப்படிப் பேசித்தான். சம்பள ஒப்பந்தத்தைக் கிளறுவது, சொந்தக் கம்பெனியைத் திட்டித் தீர்ப்பது, தேர்தல் பேசுவது எல்லாம் வேண்டாம். முக்கியமாக, “எங்கள் கம்பெனியில் இதை இப்படிச் செய்ய மாட்டோம்” என்ற வாக்கியம் வரவே கூடாது. அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் சமையற்கட்டில் எட்டிப் பார்த்து, எங்கள் வீட்டில் சாம்பாருக்கு வெல்லம் போடுவோம் என்று சொல்கிற மாதிரி அது. தூங்கலாமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. கேட்டுவிட்டுத் தூங்கலாம் என்பவர்கள் பலர். காக்பிட்டில் உட்கார்ந்தால் விழித்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஏனென்றால், அங்கே உட்கார்ந்திருப்பவர் வெறும் விருந்தாளி இல்லை. லைசென்ஸ் வைத்திருக்கும் இன்னொரு ஜோடிக் கண். வேறு விமானம் குறுக்கே வருவதைப் பார்த்தாலோ, கன்ட்ரோலர் சொன்ன உயரம் ஒன்று, விமானிகள் ஆட்டோபைலட்டில் போட்ட உயரம் வேறொன்று என்று தெரிந்தாலோ, ஸ்டெரைல் காக்பிட்டாவது ஒன்றாவது, உடனே சொல்ல வேண்டும். ‘உயரம் சரியா என்று ஒரு தடவை பார்த்துவிடுகிறீர்களா’ என்பது போல ஒரே வாக்கியம். கையை நீட்டி எந்த ஸ்விட்சையும் தொடக் கூடாது. வாயால் சொன்னால் போதும்.

இதன் மதிப்புக்குச் சாட்சி இந்தோனேசியாவில் இருக்கிறது. 2018 அக்டோபர் 28 இரவு, டென்பசாரிலிருந்து ஜகார்த்தா போன லயன் ஏர் 737 மேக்ஸ் விமானத்தின் மூக்கு மறுபடி மறுபடி தானாகக் கீழே இறங்கியது. பணியில் இல்லாத ஒரு விமானி அன்று காக்பிட்டில் பின்னால் உட்கார்ந்திருந்தார். மூக்கை ஏற்றி இறக்கும் வால் பகுதி அமைப்பான ஸ்டெபிலைசர் டிரிம் கட்டுப்பாடில்லாமல் ஓடுவது கண்டுகொள்ளப்பட்டு, அதன் மின் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்சுகளைப் போட்டு, விமானம் ஜகார்த்தாவில் இறங்கியது. அவர் அதற்கு உதவினார் என்பது பின்னால் செய்தியாக வந்தது. மறுநாள் காலை அதே விமானம் வேறு விமானிகளோடு, பின்னால் யாரும் இல்லாமல், ஜாவா கடலில் விழுந்தது. 189 பேர் போனார்கள். அமெரிக்காவில் இதற்கு முன்பே இன்னொன்று உண்டு. 1989-இல் யுனைடெட் 232 விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் ஹைட்ராலிக் முழுவதும் போய்விட்டபோது, பயணியாக உட்கார்ந்திருந்த அதே கம்பெனியின் பயிற்சி விமானி டென்னி ஃபிட்ச் உதவிக்கு வரட்டுமா என்று கேட்டனுப்பி, கேப்டன் கூப்பிட்ட பிறகு உள்ளே போனார். என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில்களைக் கையில் வைத்துக்கொண்டு சூ சிட்டிவரை விமானத்தைக் கொண்டுவர உதவினார். உயிர் போகும் நிலையிலும் அவர் கேட்டுவிட்டுத்தான் போனார் என்பதைக் கவனியுங்கள்.

மறுபக்கமும் உண்டு. 1994 ஏப்ரல் 7 அன்று மெம்ஃபிஸிலிருந்து சான் ஹோசே கிளம்பிய ஃபெடெக்ஸ் 705 சரக்கு விமானத்தில் அதே கம்பெனி விமானப் பொறியாளர் ஒருவர் ஜம்ப்சீட்டராக ஏறினார். கையில் கிட்டார் பெட்டி, அதற்குள் சுத்தியல்களும் மீன் குத்தும் ஈட்டித் துப்பாக்கியும். மூன்று விமானிகளையும் மண்டையில் அடித்து, விமானத்தை விழவைத்து, விபத்துபோலக் காட்டுவது அவர் திட்டம். மண்டை உடைந்த நிலையிலும் மூவரும் அவரை அடக்கி, மெம்ஃபிஸுக்கே திரும்பி இறக்கினார்கள். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு வேறு கம்பெனி விமானிகளுக்குக் காக்பிட் ஜம்ப்சீட் அடியோடு நின்றுபோனது. காஸ் வந்த பிறகுதான் திரும்பக் கிடைத்தது. அந்த நம்பிக்கைக்கு 2023 அக்டோபர் 22 இன்னொரு அடி. எவரெட்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஹொரைசன் ஏர் விமானத்தின் ஜம்ப்சீட்டில் இருந்த, பணியில் இல்லாத விமானி, நடு வானில் இரண்டு என்ஜின்களையும் அணைக்கும் தீயணைப்புக் கைப்பிடிகளை இழுக்கப் பார்த்தார். விமானிகள் தடுத்துவிட்டார்கள், விமானம் போர்ட்லாண்டில் இறங்கியது. இரண்டு நாள் முன்பு போதைக் காளான் சாப்பிட்டதாகவும், பல மணி நேரம் தூங்கவில்லை என்றும் அவர் பின்னர் சொன்னார். அவருடைய லைசென்ஸ், ஐ.டி. எல்லாம் சரியாகவே இருந்தன. காஸ் ஆளை அடையாளம் காட்டும், மனநிலையைக் காட்டாது.

ஆகவே கேப்டன் தம்பியை ஒரு நிமிஷம் கூடுதலாகப் பேச வைத்து முகத்தைப் பார்த்தால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கசங்காத உடை, தெளிவான பேச்சு, மது வாசனை இல்லாத மூச்சு எல்லாம் இங்கே வெறும் நாகரிகம் மட்டும் இல்லை. குடித்து எட்டு மணி நேரம் ஆகாமல் விமானப் பணி கூடாது என்பது சட்டம். ஜம்ப்சீட்டுக்கும் அதையே தனக்கு விதியாக வைத்துக்கொள்வது நல்லது.

கேப்டன்களுக்கும் ஒரு கடமை உண்டு என்பது எழுதப்படாத வழக்கம். இடம் இருக்கும்போது இன்னொரு விமானியை விட்டுவிட்டுப் போகக் கூடாது. எடை அதிகம், ஜம்ப்சீட்டருக்கு இடமில்லை என்று ஏஜென்ட் சொன்னால், நல்ல கேப்டன், பயணத்தைத் தரையிலிருந்து திட்டமிடும் டிஸ்பாட்ச்சரைக் கூப்பிட்டு எரிபொருள் கணக்கில் ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்பார். அதனால் ஏஜென்ட் முடியாது என்றால் சண்டை போடாமல், “கேப்டனிடம் ஒரு வார்த்தை கேட்க முடியுமா?” என்று தணிவாகக் கேட்கலாம். அனுமதி மறுக்கும் கேப்டனின் அதிகாரம் பழி தீர்க்கவும் பயன்பட்டிருக்கிறது. 1983-இல் கான்டினென்டல், 1985-இல் யுனைடெட் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தபோது அதில் சேராமல் வேலைக்குப் போனவர்களின் பெயர்ப் பட்டியலைச் சில கேப்டன்கள் பல வருஷம் பையிலேயே வைத்திருந்து, அவர்களுக்கு ஜம்ப்சீட் மறுத்தார்கள். அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் யாரும் அதைச் சட்டவிரோதம் என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அது தயவில் கிடைப்பது.

இந்தியாவில் இந்தக் கம்பெனி தாண்டிய பழக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம். 2023 பிப்ரவரியில் துபாய்–டெல்லி ஏர் இந்தியா விமானத்தில் கேப்டன் தன் தோழியைக் காக்பிட்டுக்குள் உட்கார வைத்ததற்கு இந்திய விமானத் துறையின் கட்டுப்பாட்டு அமைப்பான டி.ஜி.சி.ஏ. கம்பெனிக்கு 30 லட்சம் ரூபாய் அபராதமும், விமானிக்கு மூன்று மாத லைசென்ஸ் நிறுத்தமும் விதித்தது. விடுமுறைக்கு ஊருக்கு வரும் தம்பி இங்கே போய் ஜம்ப்சீட் கேட்டு நிற்காமல் இருந்தால் சரி.

கடைசியாக, யாரும் மரியாதைப் பட்டியலில் சேர்க்காத ஒன்று: தூக்கம். 2009 பிப்ரவரி 12 இரவு பஃபலோ அருகே விழுந்த கோல்கன் 3407 விமானத்தின் ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு பேஸ் நியூவர்க், வீடு சியாட்டில் பக்கம். முந்தின நாள் இரவு ஃபெடெக்ஸ் ஜம்ப்சீட்டில் மெம்ஃபிஸ், அங்கிருந்து இன்னொரு ஃபெடெக்ஸ் விமானத்தில் நியூவர்க் என்று விடிய விடியப் பயணம் செய்து காலையில் வந்து சேர்ந்தவர் அவர். 50 பேர் இறந்த அந்த விபத்துக்கு மூல காரணம், வேகம் குறைந்து விமானம் தூக்குவிசையை இழக்கப் போகிறது என்ற ஸ்டால் எச்சரிக்கைக்குக் கேப்டன் தவறாகக் கட்டுப்பாட்டை இழுத்தது. களைப்பும் இரண்டு விமானிகளின் செயல்பாட்டைக் குறைத்திருக்கலாம் என்றது விபத்துகளை விசாரிக்கும் அமைப்பான என்.டி.எஸ்.பி. அதற்குப் பிறகு 2014-இல் பயணிகள் விமானங்களுக்கான ஓய்வு விதிகள் கடுமையாயின; அவற்றின்படி ஒவ்வொரு விமானியும் தான் பணிக்குத் தகுதியாக இருப்பதாக உறுதி சொல்ல வேண்டும். ஆனால் கம்யூட் செய்யும் நேரம் இன்றும் ட்யூட்டிக் கணக்கில் வராது, அதைப் பார்த்துக்கொள்வது தம்பியின் பாடுதான். சரக்கு விமானங்கள் இரவெல்லாம் பறப்பதால் ஆசை காட்டும். அவற்றுக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், இறங்குவதோ விடிகாலை.

பேஸ் இருக்கும் ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ‘க்ராஷ் பேட்’ என்று ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருப்பார்கள். அதில் தம்பியும் ஒரு கட்டிலுக்குப் பங்கு போட்டுவிடட்டும். காலை ட்யூட்டி என்றால் முந்தின நாள் மாலையே போய்ச் சேரும்படி, கையில் இன்னும் இரண்டு விமானமாவது மிச்சம் இருக்கும் நேரத்தில் கிளம்பச் சொல்லுங்கள். பல கம்பெனிகளின் ஒப்பந்தத்தில் கம்யூட்டர் ஷரத்து இருக்கும். இத்தனை விமானத்துக்கு முயன்றும் இடம் கிடைக்கவில்லை என்று காட்டினால் தண்டனை இல்லை. அவர் ஒப்பந்தத்தில் அந்த எண்ணிக்கை எவ்வளவு, யாருக்கு எப்போது போன் செய்து சொல்ல வேண்டும் என்பதை முதல் கம்யூட்டுக்கு முன்னாலேயே படித்து வைத்துக்கொள்ளட்டும்.